பத்துக்கு ஒன்பது

காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். சாவியைத் திருப்பினால் கிளம்பும். கிளம்பவில்லை என்றால் என் மனைவி "நான் அப்பவே சொன்னேன்" என்பாள். இவற்றுக்கு நடுவே, பானட்டுக்கு அடியில் நடப்பதெல்லாம் எனக்கு எதிர்வீட்டுக் குடும்பச் சண்டை மாதிரி. சத்தம் கேட்டால் கவலைப்படுவேன். உள்ளே போய் எட்டிப்பார்க்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் நான். சிட்லபாக்கத்தில் வீடு. காரை இரண்டாம் கையாக வாங்கினேன். அதன் பின்கண்ணாடியில் 'உள்ளே குழந்தை இருக்கிறது' என்று பழைய சொந்தக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. எங்கள் குழந்தை பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்றால், "இருக்கட்டும், நீங்கதான் உள்ள இருக்கீங்களே" என்கிறாள் மனைவி.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் காரில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. பிரேக் போட்டால் 'டொக்'. வளைவில் திரும்பினால் 'டொக்... டுடுடு'. தெருமுனை மெக்கானிக்குகள் எல்லோரிடமும் காட்டியாயிற்று. அவர்கள் முன்னால் மட்டும் கார் வாயே திறக்காது. தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும் என் மாணவர்களும் இப்படித்தான், முகத்தில் அப்படி ஒரு சாந்தம் இருக்கும். மெக்கானிக்குகள் காரை விட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் முடிச்சூர் சாலையில் கண்ணாடி முகப்பும் ஏ.சி.யுமாக இருக்கும் பெரிய சர்வீஸ் சென்டருக்கே போய்விட்டேன்.

கவுன்ட்டரில் ஒரு பெண். என் மகனைவிட ஓரிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். "சொல்லுங்க சார், வண்டில என்ன பிரச்சினை?" என்றாள்.

"சத்தம் வருதும்மா."

"எப்படி வருது சார்?"

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். சோபாவில் நாலைந்து பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தணித்து, "டொக்... டுடுடு" என்றேன்.

சோபா மொத்தமும் நிமிர்ந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் நாடி பார்க்கிற முகத்தோடு, "தட்டுற மாதிரியா சார், உருள்ற மாதிரியா?" என்று கேட்டாள். பிறகு தானே செய்தும் காட்டினாள். "டொக், டுடு. இப்படியா?"

"கடைசி 'டு' இன்னும் கொஞ்சம் நீளம்மா."

"டொக்... டுடுடூ?"

"அதேதான்!"

பட்டப்பகலில் வளர்ந்த மனிதர்கள் இருவர் ஒரு மேஜையின் இரு பக்கமும் நின்று 'டுடுடு' சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தச் சத்தத்தை முதன்முதலாக ஒருவர் நம்பினார் என்பதில் எனக்குக் கண் கலங்காத குறை.

"ஓட்டிப் பார்த்துடலாம் சார்" என்று அவளே கிளம்பினாள். சீனியர் மெக்கானிக் ஒருவர் வண்டியை எடுத்தார், நான் பக்கத்தில், அவள் காதைத் தீட்டிக்கொண்டு பின் சீட்டில். முடிச்சூர் சாலையில் பள்ளத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, பள்ளங்கள் தாமாக வரும். போகிற வழியில் பேச்சுக் கொடுத்தேன். வாத்தியார் வாய், சும்மா இருக்காது.

"இந்த வேலைல எத்தனை நாளா இருக்கேம்மா?"

"இங்க சேர்ந்து ரொம்ப நாளாச்சு சார். ஆனா பின்னாடி போன் ரூம்ல இருந்தேன். 'சார் உங்க வண்டிக்கு சர்வீஸ் டியூ'ன்னு நாள் பூரா கூப்பிடுவோம்ல, அது. இப்பதான் கவுன்ட்டருக்கு விட்டிருக்காங்க. இந்த மாசம் ட்ரையல். தேறினா இங்கயே, இல்லன்னா திரும்பப் போன் ரூம்."

"போன் ரூம் அவ்வளவு மோசமா?"

"ஜன்னல் கிடையாது சார். அதுகூடப் பரவால்ல. போன்ல மூஞ்சி தெரியாம திட்டுவாங்க. இங்கயும் திட்டுவாங்க, ஆனா மூஞ்சியப் பாத்துத் திட்டுவாங்க. நாமளும் மூஞ்சியக் காட்டிச் சமாதானம் சொல்லலாம். பாதிப் பேர் போகும்போது சிரிச்சிட்டுப் போவாங்க."

மெக்கானிக் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அந்தச் சிரிப்புக்கோசரம் தான் சார் இது இவ்ளோ அடிச்சிக்கினு கீது" என்றார்.

அப்போது கேட்டது. டொக். டுடுடு.

மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே விரித்திருந்த மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் இருக்கும் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த கையில் ஒரு தேங்காய் இருந்தது. ஏதோ ஒரு கல்யாணத் தாம்பூலப் பையிலிருந்து நழுவி உள்ளே போயிருக்கிறது. குடுமியோடு, முழுசாக.

"சார், பார்ட்டு கெடச்சிருச்சு" என்றார். "ஒரிஜினல் பார்ட்டு சார். டூப்ளிகேட்டு இல்ல."

"அண்ணா, சும்மா இருங்கண்ணா" என்றாள் அவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. துப்பட்டா குலுங்கியது.

திரும்பி வரும் வழியெல்லாம் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சோபாவில் அதே ஆட்கள் இருப்பார்கள். 'டுடுடு' வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கக் காத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "சார், டிக்கிப் பக்கம் ஒரு பார்ட் லூஸா இருந்துச்சு, எடுத்தாச்சு. நீங்க சொன்னது கரெக்ட்டுதான் சார்." சோபாவில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். போன என் மானம் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. தேங்காய் அதற்குள் ஒரு பழைய துணியில் சுற்றப்பட்டு முன் சீட்டுக்கு அடியில் போயிருந்தது.

வந்ததுதான் வந்தோம் என்று ஆயில் மாற்றி, பிரேக்கையும் பார்க்கச் சொல்லிவிட்டு, மறுநாள் வண்டியை எடுக்கப் போனேன். சாவியைக் கொடுத்தபோது அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"சார், கம்பெனில இருந்து ஒரு கால் வரும். மார்க் கேப்பாங்க. பத்துக்குப் பத்து சொல்லுங்க சார், ப்ளீஸ். ஏன்னா பத்துக்குக் கீழ..."

"மார்க்கைப் பத்தி எனக்கே சொல்றியாம்மா?" என்று கையை உயர்த்தி நிறுத்தினேன். "வேற ஏதாவது சொல்லு. மார்க் மட்டும் சொல்லாத. வருஷக்கணக்கா அதான் என் வேலை."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வாடிக்கையாளரை இடைமறிக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. வாடிக்கையாளருக்குத்தான் ஒரு பயிற்சியும் இல்லை.

இங்கே என்னுடைய ஒரு கிறுக்கைச் சொல்ல வேண்டும். நான் முழு மதிப்பெண் போடுவதில்லை. என் வாத்தியார்கள் தமிழுக்கு முழு மதிப்பெண் போட்டதே இல்லை. இப்போது எல்லோரும் தாராளமாகப் போடுகிறார்கள், நான் மட்டும் பிடிவாதமாக நிற்கிறேன். எவ்வளவு நன்றாக எழுதினாலும் எங்கேயாவது ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கும், தேடினால் கிடைக்கும். என் கையால் பத்துக்கு ஒன்பது வாங்கிய பையன் அந்தத் தாளை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான் என்று கேள்வி.

அந்தத் தொலைபேசி வந்த சமயம் பார்த்து நான் அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புப் பேனா. மறுமுனையில் ஓர் இளைஞன்.

"சார், எங்க சர்வீஸுக்கு ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒன்பது!" என்றேன், ஆண்டு விழாவில் பரிசு அறிவிக்கும் குரலில்.

"ஒன்பதா சார்?"

"ஆமா தம்பி. நான் சும்மா போட மாட்டேன். அந்தப் பொண்ணு அவ்வளவு பிரமாதம்."

"ஒரு மார்க் எதனால குறைஞ்சதுன்னு சொல்ல முடியுமா சார்?"

"எங்க குறைஞ்சது? ஒன்பது வந்திருக்கே!"

"காரணம் போடலன்னா அடுத்த ஸ்கிரீன் போகாது சார். வேலைல குறையா, தாமதமா, வண்டி சுத்தமா இல்லையா, பேசின விதமா?"

நியாயமாக யோசித்தேன். வேலையில் குறை என்றால் பாவம் அந்த மெக்கானிக் மாட்டிக்கொள்வார். தாமதம் இல்லை. வண்டியோ நான் வாங்கிய நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இருப்பதிலேயே லேசானது கடைசிதான் என்று பட்டது. விடைத்தாளின் ஓரத்தில் 'கையெழுத்தில் கவனம்' என்று எழுதுவோமே, அந்த மாதிரி.

"கொஞ்சம் வேகமா பேசுறாங்க, அவ்வளவுதான்" என்றேன். இளைஞன் நன்றி சொன்னான். நான் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அடுத்த தாளை எடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அந்த சீனியர் மெக்கானிக்கைப் பார்த்தேன். நான்தான் முந்திக்கொண்டு கை காட்டினேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், நல்லா கீறியா?"

"நல்லா இருக்கேன். அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? ஒன்பது மார்க் போட்டேன் பாத்தீங்களா!"

"பாத்தோம் சார். அதான், அத்த காலி பண்ட்டியே."

"என்னது?"

"சார், அங்க பத்துன்னா பாஸு. மத்ததெல்லாம் பெயிலு. நீ ஒம்போது போட்டாலும் ஒண்ணுதான், சைபர் போட்டாலும் ஒண்ணுதான். கஸ்டமர் சந்தோசமா இல்லன்னு கம்ப்யூட்டர்ல செவப்பா காட்டும். அதுலயும் நீ பேச்சு சரியில்லன்னு வேற சொல்லிக்கீற. கவுன்ட்டர்ல குந்துற பொண்ணுக்குப் பேச்சு சரியில்லன்னா இன்னா சார் மிச்சம்? வர்ற திங்கக்கெயமலேந்து போன் ரூமுக்குப் போவச் சொல்ட்டாங்கோ."

"நான் நல்லதுக்குத்தான்..."

"நீ நல்ல மன்சன்தான் சார். அதான் பேஜாரே" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "கல்யாணமான புதுசுல என் சாம்பாரச் சாப்பிட்டுட்டு என்ன சொன்னீங்க? 'எட்டரை போடலாம்'னு சொன்னீங்க. அன்னிக்கே எங்கம்மாகிட்ட இந்த ஆள் வேணாம்னு சொல்லியிருக்கணும். நான் தப்பிக்கத்தான் வழியில்லாமப் போச்சு, அந்தப் பொண்ணையாவது விடுங்க. போய்ச் சரி பண்ணிட்டு வாங்க."

கம்பெனி எண்ணைக் கூப்பிட்டேன். ஒருமுறை கொடுத்த மதிப்பெண்ணை மாற்ற முடியாது என்றார்கள். மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் எங்கள் இலாகாவில்கூட உண்டு, அங்கே கிடையாது. அடுத்த முறை சர்வீஸுக்கு விட்டால் புதிதாக ஒரு கால் வரும், அதில் வேண்டுமானால் சொல்லலாமாம். அவ்வளவுதானே என்று மறுநாளே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பார்கள். ஒரு புகார் மட்டும்தான் வேண்டும். வழியில் தயார் செய்துகொண்டேன்.

அந்தப் பெண் கவுன்ட்டரில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வாங்க... சார். வண்டியில்... என்ன... பிரச்சினை... சார்?"

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போகலாம் போல இடைவெளி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கிர்ர்ர்... டக்" என்றேன். "முன்பக்கம்."

அவள் என்னையே பார்த்தாள். "சார், வண்டிய நீங்க உள்ள கொண்டு வரும்போதே நான் கேட்டேன். சத்தம் ஒண்ணும் இல்ல."

"என் கார்தான் தெரியுமேம்மா. இங்க வந்தா வாயத் திறக்காது."

"அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு சார். டீக்கடைல உங்களப் பாத்ததையும் சொன்னாரு." மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் உறுதியாக. "இல்லாத கம்ப்ளைன்ட்டுக்கு நான் ஜாப் கார்டு போட மாட்டேன் சார். இப்பவாச்சும் ஒரு மார்க்தான் போச்சு. அப்புறம் பேரும் போயிடும்."

ஒன்பது என்பது என் கணக்கில் எவ்வளவு பெரியது என்று தட்டுத் தடுமாறி விளக்கினேன். தமிழ் வாத்தியாருக்கு இது அடிக்கடி நடப்பதில்லை. அவள் கேட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா தாம்பரம் மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க சார். அவங்ககிட்ட இத சொன்னேன். 'இதுல என்னடி புதுசு? மீன் வித்தா பத்து, விக்கலன்னா சைபர். வாங்காமப் போறவ மீனப் புகழ்ந்துட்டுத்தான் போவா'ன்னாங்க."



"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும் சார்" என்றாள். "நான் நெஜமாவே வேகமா பேசுறேனா?"

அப்போதுதான் உறைத்தது. அந்த இடைவெளிகளுக்குக் காரணம் நான். அந்த வாரம் முழுக்க வந்தவர் போனவர் எல்லோரிடமும் இவள் இப்படித்தான் பேசியிருக்கிறாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, என் ஓரக்குறிப்பைத் திருத்திக்கொண்டு. பின்னால் காத்திருந்த ஒருவர் வாட்சைப் பார்த்தார்.

"இல்லவே இல்லம்மா. ஏதாவது சொன்னாத்தான் அடுத்த ஸ்கிரீன் போகும்னான். வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப சரி சார்" என்றாள். போன் ரூமுக்குப் போவதைவிட அதுதான் அவளை வாட்டியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குச் சரியாகவில்லை.

மேனேஜர் அறை கண்ணாடி அறை. தட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர். களைத்த மனிதரும்கூட. "மார்க் என் கையில இல்ல சார்" என்றார். "ஆனா பேச்சு சரியில்லன்னு ஒரு ரிமார்க் இருக்கே, அதுக்குக் கஸ்டமரே வாயால விளக்கம் சொன்னா மேல கேட்டுப் பாக்கலாம். அதுதான் பெரிய கறை. கேக்குறேன், ஆனா நம்பிக்கை வைக்காதீங்க."

மேலதிகாரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஓர் அம்மாவின் குரல். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சொன்னது தவறு, அந்தப் பெண்ணின் பேச்சில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

"எல்லாக் கஸ்டமரும் அப்புறம் இரக்கப்பட்டு இப்படித்தான் சார் சொல்றாங்க" என்றது குரல். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சுன்னா ஒரு உதாரணம் சொல்லுங்க. அவங்க பேசினதுல உங்களுக்கு எது பிடிச்சுது?"

என்னிடம் இருந்தது ஒரே உதாரணம். கண்ணாடிக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சோபா நிறைய ஆட்கள். அந்தப் பெண் கவுன்ட்டரிலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"மேடம்" என்று ஆரம்பித்தேன். சின்னக் குரலில் பேச எனக்குத் தெரியாது. பின்பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. "என் கார்ல ஒரு சத்தம் வந்துச்சு. டொக், டுடுடு. கார் பூரா அலசிப் பாத்தாங்க. டிக்கில ஒரு தேங்காய் உருண்டுட்டு இருந்துச்சு."

"என்ன சார் இருந்துச்சு?"

"தேங்காய் மேடம். கல்யாணத்துல குடுப்பாங்களே, அது. நான்தான் அதோட ஊர் பூரா சுத்தியிருக்கேன். இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? எல்லார் முன்னாடியும் 'ஒரு பார்ட் லூஸா இருந்துச்சு, எடுத்தாச்சு, நீங்க சொன்னது கரெக்ட்டுதான்'னு சொல்லுச்சு. ஊர் சிரிக்க வேண்டிய என்னைத் தல நிமிந்து வீட்டுக்கு அனுப்பிச்சு. இப்படிப் பேசுறவங்கள நான் பார்த்ததில்ல மேடம்."

சோபாவில் யாரோ முதலில் 'க்ளுக்' என்றார்கள். பிறகு மொத்தமும் வெடித்தது. ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு 'டுடுடு' செய்து காட்டினார். மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்பீக்கரிலும் ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறி, மறுபடி அதிகாரியின் குரலானது.

"மார்க் மாறாது சார். அது சிஸ்டம். ரிமார்க்க எடுத்துடச் சொல்றேன். ட்ரையல அடுத்த மாசமும் நீட்டிக்கலாம். அதுவரைக்கும் அவங்க கவுன்ட்டர்லயே இருக்கட்டும். அதுக்கு மேல அவங்க சாமர்த்தியம்."

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. நானே மதிப்பெண் போட்டால்... வேண்டாம், இனி எதற்கும் மதிப்பெண் போடப்போவதில்லை.

வெளியே வந்து, "இங்கயே இருக்கலாமாம்மா" என்றேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. நன்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார்" என்று பின்பக்கம் வேகமாக நடந்தாள்.

திரும்பி வரும்போது ஒரு கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் நாற்காலியில் போடும் திண்டு, இன்னொரு கையில் டிபன் பை. திங்கட்கிழமை வரை காத்திராமல் சாமான்களை முன்பே போன் ரூமுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கவுன்ட்டருக்கு அடியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். திண்டைத் தட்டி நாற்காலியில் போட்டு உட்கார்ந்தாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தார். "எல்லாத்தையும் எட்த்துகினு வந்துட்டியாம்மா? சார்ஜர் அங்கியே மாட்டிக்கினு கீது பாரு."

"அது என்னோடதில்லண்ணா" என்று சொல்லிவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். "சாரி சார், ரொம்ப நேரம் வெயிட் பண்ண வச்சிட்டேன், சொல்லுங்க, வண்டில என்ன பிரச்சினை?"